மூன்றாம் அத்தியாயத்து இருட்டு

சித்திரம் என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. மாமா வைத்த பட்டம். கலை வரலாற்றில் மேற்படிப்பு படிக்கப் போகிறேன் என்று அவள் வீட்டில் வாயைத் திறந்த அன்றைக்கு, அம்மாவின் தம்பியான மாமா சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியை அந்தரத்தில் நிறுத்திவிட்டு, "படம் வரையற படிப்பா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா. மத்தவங்க வரைஞ்ச படத்தைப் பாக்கற படிப்பு."

"பாக்கறதுக்கு ஒரு படிப்பா! கண்ணைத் தொறந்தா ஆச்சு. இதுக்கு காலேஜு, ஹாஸ்டலு, புத்தகம் வேறயா? சரி சரி, போய் நல்லாப் பாரு சித்திரம்!"

ஒட்டிக்கொண்டது. அடுத்த வீட்டுக்காரர்கள் கூட அப்படித்தான் கூப்பிட ஆரம்பித்தார்கள். கப்பலில் வேலை பார்க்கும் அப்பா, வருஷத்தில் பாதியைத் தண்ணீரில் கழிப்பவர், ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து போன் செய்து "என்ன சித்திரம், சௌக்கியமா?" என்றபோது அவள் தன் சொந்தப் பெயரைக் கை கழுவிவிட்டாள்.

அம்மா கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்திலும் கணக்கு டீச்சர், வீட்டிலும் கணக்கு டீச்சர். மாமா மாதிரி கேலி எல்லாம் செய்யவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "இதைப் படிச்சு முடிச்சா என்ன ஆவாங்க?"

சித்திரம் தயாராகத்தான் இருந்தாள். மூச்சு விடாமல் ஒப்பித்தாள். சீனியர் அக்கா ஒருத்தி ஏலக் கம்பெனியில் போலிப் படங்களைப் பிடிக்கிறாள். ஒரு அண்ணன் சினிமாக்காரர்களுக்கு, அந்தக் காலத்து நாற்காலிக்குக் கால் எப்படி இருக்கும் என்று சொல்லிக்கொடுக்கிறான். இன்னொருத்தன் களவு போன சிலைகளைத் தேடும் போலீஸ் பிரிவில் இருக்கிறான், கையில் துப்பாக்கிக்குப் பதில் பூதக்கண்ணாடி. "அப்புறம் மியூசியத்துல வேலை பாக்கலாம்மா. எனக்கு அதுதான் வேணும்."

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா "ம்" என்றாள். அந்த "ம்" இருக்கிறதே, அது சரி என்பதும் இல்லை, வேண்டாம் என்பதும் இல்லை. விடைத்தாளைப் பாதி திருத்திவிட்டு மூடி வைக்கிற மாதிரி ஒரு "ம்". முதுகலை முடித்து, முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து, அதற்கு மேலும் வருஷங்கள் ஓடியும் அந்தத் தாள் மூடியே கிடந்தது. மகள் கேட்கிற போதெல்லாம் அம்மா உதவினாள், வெளியூர் ஹாஸ்டலுக்கு அனுப்பினாள், ஜுரம் வந்தால் வந்து பார்த்தாள். ஆனால் படிப்பைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது கதைக்கு வருவோம். சித்திரத்தின் ஆராய்ச்சி ஒரே ஒரு ஓவியத்தைச் சுற்றியது. சொந்த ஊருக்கே திரும்பி வந்து அவள் தற்காலிக ஊழியராக ஓடியாடிக்கொண்டிருந்த அதே மியூசியத்தில், கிடங்கில், கண்ணாடிக்குப் பின்னால் கிடந்த ஓவியம். ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் மூடிய புத்தகம். உதடுகளை இறுக்கி மூடியிருக்கிறாள், கண்ணில் நீர் கோத்து நிற்கிறது, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. அவள் பார்ப்பது எதிர்மூலையை. அந்த மூலையிலோ ஒன்றும் இல்லை, கும்மிருட்டு. கீழே சின்ன அட்டை: "துயரத்தில் ஒரு பெண். வரைந்தவர் யாரென்று தெரியவில்லை."

அந்த இருட்டைப் பிடித்துக்கொண்டாள் நம் சித்திரம். அது சும்மா இருட்டு இல்லையாம். ஓவியர் வேண்டுமென்றே வைத்த இருட்டாம். போய்விட்ட ஒருவருடைய இடமாம். "இன்மையே இந்த ஓவியத்தின் இரண்டாவது பாத்திரம்" என்று மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு வரி எழுதினாள் பாருங்கள், படித்த எல்லோரும் சொக்கிப் போனார்கள். அவளுக்கு வழிகாட்டியாக இருந்த மேடம் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர், ஆய்வேடுகளைத் துண்டு துண்டாக வெட்டி எறிவதால் மாணவர்கள் மத்தியில் "கத்தரி" என்று பெயர் வாங்கியவர், அவரே "மூன்றாம் அத்தியாயம் ஒன்றே போதும்" என்று அறிக்கை எழுதி அனுப்பியிருந்தார். போதாதற்கு அந்த வரியைத் தன் புதுப் புத்தகத்திலும் எடுத்துப் போட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை வாய்மொழித் தேர்வு, ஓவியம் இருக்கிற மியூசியத்தின் கூடத்திலேயே. வைவா என்றால்தான் எல்லோருக்கும் புரியும். யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேட்கலாம். அது முடிந்து பட்டம் கைக்கு வந்தால் மியூசியத்தில் நிரந்தர வேலை. பொறுப்பாளர் பதவி காலியாக இருந்தது, இயக்குநர் அவளுக்காகவே அதைப் பிடித்து வைத்திருந்தார். "இந்த மாசம் தாண்டினா என் கையில இல்லம்மா. வேற ஆளைப் போட்டுடுவாங்க" என்றும் சொல்லியிருந்தார். ஆக, வெள்ளிக்கிழமை கவிழ்ந்தால் எல்லாம் கவிழ்ந்தது.

திங்கட்கிழமை காலை பஞ்சு கூப்பிட்டாள்.

பஞ்சு அவளோடு முதுகலை படித்தவள். படிப்பு முடிந்ததும் ஓவியங்களைச் சுத்தம் செய்து பழுது பார்க்கிற பயிற்சிக்குப் போய், இப்போது மியூசியத்தின் பின்கட்டில் இருக்கும் பெரிய ஜன்னல் அறையில் உட்கார்ந்திருந்தாள். நாள் முழுக்கக் குச்சியில் பஞ்சு சுற்றிச் சுற்றிப் படங்களைத் துடைப்பதுதான் வேலை என்பதால் அந்தப் பெயர். அடுத்த மாதக் கண்காட்சிக்காக ஜன்னலோரப் பெண் அவள் மேசைக்கு வந்திருந்தாள்.

"வா, உக்காரு" என்றாள் பஞ்சு. குரல் சரியில்லை. எப்போதும் "வாடி" என்பவள் இன்றைக்கு "வா" என்றால் என்ன அர்த்தம்?

"என்னடி ஆச்சு? கிழிஞ்சு போச்சா?"

"கிழியல. நீ முதல்ல உக்காரு."

பஞ்சு ஒரு குச்சியை எடுத்தாள். நுனிப் பஞ்சை நாக்கில் வைத்து ஈரமாக்கினாள். முகம் சுளிக்காதீர்கள், அந்தத் தொழிலில் அது பழைய வழக்கம். எச்சிலில் இருக்கிற ஏதோ சத்து, எண்ணெய்ப் பிசுக்கை நோகாமல் எடுத்துவிடும், அடியில் இருக்கும் வண்ணத்துக்கு ஒன்றும் ஆகாது. அதற்காகவே பஞ்சு வேலை முடிகிற வரை டீயைக்கூடத் தொட மாட்டாள். ஓவியத்தின் இருட்டு மூலையில் குச்சியை மெல்ல உருட்டினாள். நுனி கரிக்கட்டை மாதிரி கறுத்தது. குப்பைத் தட்டில் அப்படிக் கறுத்த குச்சிகள் ஏற்கனவே கிடந்தன.

"இது பெயின்ட் இல்லடி" என்றாள். "புகை. விளக்குப் புகையோ அடுப்புப் புகையோ. யார் வீட்லயோ இந்த மூலைக்குக் கீழயே வருஷக்கணக்கா ஏதோ எரிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. அதுக்கு மேல எண்ணெய்ப் பிசுக்கு. இதோ பாரு."

தபால் தலை அளவுக்கு ஒரு இடம் வெளுத்திருந்தது. அங்கே இருட்டு இல்லை. பளிச்சென்று ஒரு பழுப்பு நிறம், அதில் ஒரு மடிப்பு. யாருடைய சட்டைக் கையோ.

சித்திரம் குனிந்து பார்த்தாள். "அப்ப... என் மூணாவது அத்தியாயம்?"

"அழுக்கு" என்றாள் பஞ்சு. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. "ஐயோ, நான் உன் எழுத்தைச் சொல்லலடி!"

"எழுத்தைத்தான்டி சொல்ற. அழுக்கைப் பத்தி ரெண்டு வருஷம் எழுதியிருக்கேன். படிச்சவங்க எல்லாம் அழுதிருக்காங்க. உன் ஒரு வாய் எச்சில்ல என் படிப்பே போச்சு!"

இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. பஞ்சு குரலைத் தாழ்த்தி, "இங்க பாரு. இது நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நான் இந்த வாரம் ஜன்னல் பக்கம் வேலை பாக்கறேன். வெள்ளிக்கிழமை முடியற வரைக்கும் இந்த மூலையைத் தொடவே மாட்டேன். நீ வைவா முடிச்சுட்டு வா. அப்புறம் இருட்டு போனா போகட்டும், யாரு உன் பட்டத்தைப் பிடுங்கப் போறாங்க?" என்றாள்.

சிநேகிதி என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும்! சித்திரம் தலையை ஆட்டினாள். சரி என்றுதான் ஆட்டினாள், அதை மறைப்பானேன்.

வீட்டுக்கு வந்தால் அங்கே கல்யாண வீடு கெட்டது. மாமா வெள்ளிக்கிழமைக்கான சட்டையைத் திங்கட்கிழமையே இஸ்திரி போட்டு மாட்டிவிட்டார். "டாக்டர் வந்தாச்சு! டாக்டர், எனக்கு இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நாலு நாளா நிமிர முடியல. ஒரு படத்தை எழுதிக் கொடுங்க, காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு பாத்துக்கறேன்" என்றார். அம்மா பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லியிருந்தாள். பரீட்சை நேரத்தில் அம்மா லீவு போட்டது யாருக்கும் நினைவில் இல்லாத அதிசயம்.

"நீயும் வரியாம்மா?"

"எல்லாரும் வரலாம்னுதான சொன்னே?" என்றாள் அம்மா. பிறகு கொஞ்சம் தயங்கி, "எனக்குப் புரியுமா?" என்று கேட்டாள்.

"புரியும்மா. மூணாவது அத்தியாயம் எல்லாருக்கும் புரியும்" என்று சொல்லிவிட்டு, சித்திரம் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

படுத்தாள். புரண்டாள். அவளைத் தூங்க விடாதது மனசாட்சி என்று நீங்கள் நினைத்தால், அவளைப் பெரிய உத்தமி ஆக்கிவிடுகிறீர்கள். மனசாட்சியை ஒரு மாதிரி சமாதானம் செய்துவிட்டாள். அந்தச் சட்டைக் கைதான் விடவில்லை. யாருடைய கை அது? ஆணா, பெண்ணா? நிற்கிறானா, உட்கார்ந்திருக்கிறானா? இரண்டு வருஷமாக அந்தப் பெண்ணுக்கு எதிரே ஒரு ஆள் இருந்திருக்கிறார், தினமும் போய் அவர் முகத்துக்கு நேராக நின்று "இங்கே யாரும் இல்லை" என்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள்!

மறுநாள் காலை பஞ்சு பூட்டைத் திறக்கும் முன்பே இவள் வாசலில் நின்றாள்.

"தொடுடி" என்றாள்.

"எதை?"

"மூலையை. முழுசா. இன்னிக்கே ஆரம்பி."

"பைத்தியமா உனக்கு? வெள்ளிக்கிழமை கத்தரி உன்னை நறுக்கிக் கையில கொடுத்துடுவாரு. வேலை?"

"தெரியும். எல்லாம் தெரியும். ஆனா உள்ள யாரு இருக்காங்கன்னு தெரியாம வெள்ளிக்கிழமை வரைக்கும் என்னால உயிரோட இருக்க முடியாதுடி. உன்னால முடியுமா? நெஞ்சுல கை வெச்சு சொல்லு."

பஞ்சு நெஞ்சில் கை வைக்கவில்லை. நேராகப் போய்க் குச்சியில் பஞ்சைச் சுற்ற ஆரம்பித்தாள்.

செவ்வாய்க்கிழமை சட்டைக் கை முழங்கை வரை வந்தது. புதன்கிழமை காலை தோளும் கழுத்தும் வந்தன. ஆண்தான். நாற்காலியில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். அவன் முகம் இருக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் பஞ்சு குச்சியை உருட்டியபோது, வெள்ளியாக ஏதோ பளபளத்தது. நீளமாக, ஒல்லியாக.

"கத்தி!" என்று கூவினாள் சித்திரம். "கத்திடி! அதான் அவ உதட்டைக் கடிச்சுக்கிட்டு இருக்கா. அது துக்கம் இல்ல, பயம். புத்தகத்தை ஏன் மூடியிருக்கா? எழுந்து ஓடறதுக்கு! அப்ப ஜன்னல் எதுக்கு? தப்பிக்கிற வழி!"

அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் ஒரு புது அத்தியாயமே தயார். கொலைகாரன், திறந்த ஜன்னல், மூடிய புத்தகம், நரம்பு புடைத்த கழுத்து, எல்லாவற்றுக்கும் அதனதன் இடத்தில் அர்த்தம் வந்து உட்கார்ந்துகொண்டது. பட்ட சூடு ஆறக்கூட இல்லை, அதற்குள் அடுத்த சூட்டுக்குக் கையை நீட்டுகிறாள். இந்தப் படிப்பு படித்தவர்களுக்கு இது ஒரு வியாதி. ஒரு கோடு தெரிந்தால் போதும், அதற்கு ஒரு குடும்பமே கட்டிக் குடிவைத்துவிடுவார்கள்.

சாயங்காலம் பஞ்சு குச்சியைக் கீழே வைத்தாள். விளக்கை ஓவியத்தின் பக்கம் திருப்பினாள்.

கத்தி இல்லை. கரண்டி. தேக்கரண்டி. அந்த ஆளின் மூக்கு நுனியில் ஒட்டிக்கொண்டு தொங்குகிறது. அவன் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, பிரசங்கம் கேட்கிறவன் மாதிரி படு கம்பீரமாக அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

சித்திரம் அவனைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தாள். இறுகிய உதடு, கண்ணில் கோத்த நீர், புடைத்த நரம்பு. எதுவும் மாறவில்லை, ஒரு புள்ளி கூட மாறவில்லை. ஆனால் அவள் வேறு பெண்.

"அடிப்பாவி" என்றாள் மெதுவாக. "சிரிப்பை அடக்கிக்கிட்டு இருக்காடி இவ!"

பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் காவலாளி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சித்திரத்துக்கு வயிறு வலித்தது. பட்டம் போய், வேலை போய், நடுத்தெருவில் நிற்கப் போகிறோம் என்று தெரிந்தும், இத்தனை வருஷப் படிப்பில் இவ்வளவு சந்தோஷமாக ஒரு நாளும் இருந்ததில்லை.

வியாழக்கிழமை மேடத்திடம் போய்ச் சொன்னாள். மேடம் மியூசியத்துக்கு வந்து பார்த்தார், நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். "நான் அழுதேனே" என்றார் முதலில். பிறகு, "நீயே அந்தத் தேர்வாளர்கிட்ட சொல்லிடு. நான் உன் பக்கத்துல இருப்பேன். ஆனா பேசறதுக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதே, எனக்கும் அந்த மனுஷனைக் கண்டா உதறல்தான்" என்றார்.

வெள்ளிக்கிழமை மியூசியக் கூடம் நிரம்பிவிட்டது. முன்னால் நீள மேசை, அதன் பின்னால் மேடம், இயக்குநர், நடுவில் கத்தரி. மெலிந்த உருவம், தடித்த கண்ணாடி, கையில் கோடு போட்டுப் போட்டு வீங்கிப்போன ஆய்வேடு. ஓரத்து மேசையில் டீக் கோப்பைகள். ஓவியம் தாங்கியில், துணி போர்த்தி. இரண்டாம் வரிசையில் அம்மா, நிமிர்ந்து, பரீட்சை அறையைக் கண்காணிக்கிறவள் மாதிரி. பக்கத்தில் விறைப்பான சட்டையில் மாமா. கடைசி வரிசையில் நகத்தைக் கடித்துக்கொண்டு பஞ்சு.

சித்திரம் எழுந்து நின்றாள். முதல் இரண்டு அத்தியாயங்களைச் சொன்னாள். மூன்றாவதற்கு வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஐயா, மூன்றாம் அத்தியாயம் தவறு" என்றாள். "ஒரு பகுதி இல்லை, முழுவதும் தவறு. நான் இருள் என்று எழுதியது புகையும் எண்ணெயும் சேர்ந்த அழுக்கு. அதைச் சுத்தம் செய்துவிட்டோம்." துணியை விலக்கினாள்.

கூடமே கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது. மாமா, "யாரு அக்கா அந்தக் கரண்டிக்காரன்?" என்று அம்மாவின் காதில் கேட்டது கடைசி வரிசை வரை கேட்டது.

கத்தரி எழுந்து வந்தார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். ஓவியத்துக்கு அரை முழத்தில் குனிந்து நின்றார். "என் புத்தகம் போன வாரம் அச்சுக்குப் போயிடுச்சு" என்றார் யாரிடமோ. பிறகு திரும்பி, "இது எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?" என்று கேட்டார்.

"திங்கட்கிழமை."

"சுத்தம் செய்யறதை ஒரு வாரம் தள்ளிப் போட்டிருக்கலாமே. எனக்கும் தெரிஞ்சிருக்காது, என் புத்தகத்துக்கும் தெரிஞ்சிருக்காது. ஏன் செய்யல?"

நல்லதாக நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். உண்மை, நேர்மை என்று எத்தனை சொற்கள் இருக்கின்றன! அவளுக்கு வாயில் வந்தது இதுதான்: "உள்ள யாரு இருக்காங்கன்னு பாக்கணும் போல இருந்துச்சு சார்."

கத்தரி திரும்பி மேசைக்கு நடந்தார். போய் உட்கார்ந்தார். ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை மொத்தமாகப் பிடித்து மடித்து ஒதுக்கினார். "சரி, இது போச்சு. மிச்சம் இருக்கறதை வெச்சுப் பட்டம் கொடுக்க முடியாது. இப்ப நீங்க சொல்ற புது விஷயம் நிக்கணும். அந்தப் பெண் சிரிப்பை அடக்கறாங்கறீங்க. எனக்கு அப்படித் தெரியல. எதிர்ல ஒருத்தன் கோமாளித்தனம் பண்றான், அவளுக்குக் கோபம் வந்திருக்கலாம். வெறுப்பா இருக்கலாம். துக்கத்துல இருக்கறவ முன்னால அவன் விளையாடறான்னு கூட இருக்கலாம். உதடு ஒண்ணுதான், நரம்பு ஒண்ணுதான், கண்ணீரும் ஒண்ணுதான். போன வாரம் துக்கம்னீங்க, இந்த வாரம் சிரிப்புங்கறீங்க. எப்படி நிரூபிப்பீங்க?"

அதுதான் கேள்வி. மேடம் மேசையைப் பார்த்தார். இயக்குநர் கூரையைப் பார்த்தார். சித்திரத்திடம் மேற்கோள் இல்லை, ஆதாரம் இல்லை, இதைப் பற்றி உலகத்தில் ஒருத்தரும் ஒரு வரி எழுதவில்லை. அவள் கண் ஓரத்து மேசைக்குப் போனது.

விறுவிறுவென்று நடந்துபோய் டீக் கோப்பையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்தாள். துடைத்தாள். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, மூக்கில் வைத்தாள். கரண்டி வழுக்கித் தரையில் விழுந்து கிணுகிணுவென்று உருண்டது. மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஊதுடி!" என்று கடைசி வரிசையிலிருந்து பஞ்சு கத்தினாள். "கரண்டியில மூச்சு விட்டுட்டு ஒட்டு!"

சித்திரம் குனிந்து எடுத்தாள். ஹா என்று கரண்டிக் குழியில் மூச்சு விட்டாள். மூக்கு நுனியில் அழுத்தி, கையை எடுத்தாள். நின்றது. கைகளைக் கட்டிக்கொண்டு, பட்டமளிப்பு விழாவில் படம் பிடிக்க நிற்கிறவள் மாதிரி கம்பீரமாகத் தன் அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா அதிர்ந்து போனாள். சபை நடுவில், இவ்வளவு படித்தவர்கள் முன்னால், பெற்ற மகள் மூக்கில் கரண்டி! சிரித்தால் மானம் போய்விடும். உதடுகளை இறுக்கி மூடினாள். மூடிய உதட்டின் ஓரங்கள் உள்ளே இழுத்தன. கழுத்தில் நரம்பு புடைத்தது. பொட்டுப் பொட்டாகக் கண்ணில் நீர் கோத்தது. கையிலிருந்த பையை மடியோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"சார்" என்றாள் சித்திரம், மூக்கை அசைக்காமல். "அம்மாவைப் பாருங்க."

கூடமே திரும்பியது. கத்தரி எழுந்து நின்றே பார்த்தார். அம்மாவை, ஓவியத்தை, அம்மாவை. அந்தப் பக்கம் ஜன்னலோரம் ஒருத்தி, இந்தப் பக்கம் இரண்டாம் வரிசையில் ஒருத்தி. அதே உதடு, அதே நரம்பு, அதே கண்.

"அக்கா, விட்ராதே, அடக்கு, அடக்கு" என்றார் மாமா.

அதோடு அம்மா உடைந்தாள். அப்படி ஒரு சிரிப்பு அவளுக்குள் இருந்தது அவளோடு பிறந்த மாமாவுக்கே தெரியாது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், மூச்சு வாங்கியது, பை கீழே விழுந்தது. அவளைப் பார்த்து மாமா, மாமாவைப் பார்த்து முழுக் கூடமும். மேடம் இந்த முறையும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கரண்டி மூக்கிலிருந்து நழுவியதைச் சித்திரம் கவனிக்கவே இல்லை.

கத்தரி சிரித்தாரா என்று கேட்டால், சாட்சிகளுக்குள் சண்டை இருக்கிறது. பஞ்சு சிரித்தார் என்கிறாள். மேடம் இருமினார் என்கிறார். எப்படியோ, சபை அடங்கியதும் அவர் எழுந்து, "இந்தத் துறையில இப்படி ஒரு நிரூபணத்தை நான் பார்த்ததில்ல. ஆனா மறுக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல. பட்டம் கொடுக்கலாம்னு பரிந்துரைக்கிறேன். மூணாவது அத்தியாயத்தைப் புதுசா எழுதிக் கொடுத்துடுங்க. சீக்கிரம் கொடுங்க, நான் என் புத்தகத்தை நிறுத்தி வைக்கணும்" என்றார். சொல்லிவிட்டு அச்சகத்துக்குப் போன் போட வெளியே ஓடினார்.

இயக்குநர் சித்திரத்தின் கையைப் பிடித்துக் குலுக்கி, "திங்கட்கிழமை வந்து சேர்ந்துடுங்க டாக்டர். முதல் வேலை, அந்த அட்டையை மாத்துங்க" என்றார்.

கூட்டம் டீயைத் தேடிப் போனது. மாமா ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு பஞ்சுவிடம் பாடம் கேட்க ஆரம்பித்துவிட்டார். ஓவியத்துக்கு முன்னால் அம்மா தனியாக நின்றிருந்தாள். சித்திரம் பக்கத்தில் போய் நின்றாள். அம்மாவின் முகம் சிரித்துச் சிவந்திருந்தது, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடியே இருந்தாள்.

"கோபமாம்மா? எல்லார் முன்னாலயும்..."

"கோபம்தான்" என்றாள் அம்மா. "என்ன படிக்கறே என்ன படிக்கறேன்னு உள்ளுக்குள்ள எத்தனை நாள் மருகியிருக்கேன் தெரியுமா? கேட்டா புரியாத மாதிரி ஏதாவது சொல்லுவியோன்னு பயந்துக்கிட்டுக் கேக்காமலே இருந்துட்டேன். இதுதான்னு ஒரு நாள் கூட்டிக்கிட்டு வந்து காட்டியிருக்கக் கூடாதாடி?"

"காட்டியிருக்கலாம்மா. நான்தான் கூப்பிடல" என்றாள் சித்திரம்.

அம்மா அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கரண்டிக்காரனைப் பார்த்தாள். மறுபடியும் உதடு இறுகியது.

"யாருடி இவங்க? புருஷன் பெண்டாட்டியா? அண்ணன் தங்கச்சியா?"

"தெரியாதும்மா."

"பேரு?"

"தெரியாது."

"இவ்வளவு படிச்சும் தெரியாதா?"

"இன்னும் தெரியாது."

"அப்ப கண்டுபிடி" என்றாள் அம்மா. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மாமா உட்கார்ந்திருந்த நாற்காலியை இழுத்து ஓவியத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். "நீ போய் டீ குடிச்சுட்டு வா. நான் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருக்கேன்."